நான்கு வயது மாப்பிள்ளை, ஐந்து வயதுப் பெண்: வாசகர் கேள்வி – பதில்

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், 1483-இல் லண்டன் கோபுரச் சிறையில் வைக்கப்பட்டு மறைந்துபோன, நான்காம் எட்வர்டு மன்னரின் மகன்களான இரண்டு இளவரசர்களின் எலும்புகள் என்று சொல்லி வைத்திருக்கும் பளிங்குப் பேழையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் எழுதும்போது, அந்த இருவரில் இளையவனுக்கு நான்கு வயதிலேயே திருமணம் நடந்துவிட்டதென்றும், மணமகள் ஆன் மோப்ரே என்ற ஐந்து வயதுச் சிறுமி என்றும், அவள் பத்து வயதில் இறந்து அதே ஆலயத்தில் அடக்கமாகியிருக்கிறாள் என்றும் போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பேழையைப் பற்றி மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியவை. ஆகவே இந்த இதழில் இந்தப் பக்கம் முழுவதும் அந்தச் சிறுமிக்கே.

கேள்வி: யார் இந்த ஆன் மோப்ரே? அரச குடும்பத்துப் பெண்ணா? ஐந்து வயதில் திருமணம் செய்துவைக்கும் அளவுக்கு என்ன அவசரம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அவள் அரசன் மகள் அல்லள், ஆனால் அன்றைய இங்கிலாந்தில் அரசனுக்கு அடுத்த வரிசையில் இருந்த மிகச் சில குடும்பங்களில் ஒன்றின் ஒரே வாரிசு. தந்தை ஜான் மோப்ரே, நார்ஃபோக்கின் நான்காவது டியூக். டியூக் என்பது பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம்; ஏர்ல், விஸ்கவுன்ட் எல்லாம் அதற்குக் கீழே. தாய் எலிசபெத் டால்பட், பிரான்சுடனான நூறாண்டுப் போரில் பெயர்பெற்ற தளபதி ஷ்ரூஸ்பரி ஏர்லின் மகள். நாட்டின் கிழக்குப் பகுதியில், சஃபோக்கில் உள்ள ஃப்ராம்லிங்கம் கோட்டைதான் அவர்களுடைய முதன்மையான வீடு. திருமணமாகிப் பல ஆண்டுகள் பிள்ளையில்லாமல் இருந்து, 1472 டிசம்பர் 10 அன்று அந்தக் கோட்டையில் ஆன் பிறந்தாள்.

அவள் பிறப்பதற்கு முன்பே அவளைப் பற்றிய பேச்சு ஒன்று கடிதத்தில் பதிவாகியிருக்கிறது. அந்த வட்டாரத்தில் பாஸ்டன் என்றொரு நிலவுடைமைக் குடும்பம் இருந்தது. அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட நூற்றுக்கணக்கான கடிதங்கள் அதிர்ஷ்டவசமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. கேஸ்டர் கோட்டை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கில் 1469-இல் டியூக் படையோடு வந்து முற்றுகையிட்டு அதைப் பிடுங்கிக்கொண்டதால், அந்தக் குடும்பம் டியூக்கின் வீட்டில் நடப்பதையெல்லாம் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துவந்தது. கோட்டையைத் திரும்பக் கேட்க 1472-இல் போன சர் ஜான் பாஸ்டன், நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த சீமாட்டியிடம், அவருடைய உடல்வாகு நீண்டு அகன்றது என்றும், உள்ளே இருக்கும் பிள்ளை நெருக்கடியில்லாமல் விளையாட இடமிருக்கிறது என்றும் நகைச்சுவையாகப் பேசிவைத்தார். அந்தப் பேச்சு வாய்க்கு வாய் மாறி, சீமாட்டியைப் பருமன் என்று கேலி செய்ததாகத் திரிந்துவிட, தாம் சொன்னது இன்னதுதான் என்று தம்பிக்கு விளக்கிக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அந்தக் கடிதத்தில் வயிற்றுப் பிள்ளையை அவர் ஆணாகவே குறிப்பிடுகிறார். பட்டத்துக்கு வாரிசு வேண்டிய வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தது மகனைத்தான்.

மகன் பிறக்கவே இல்லை. 1476 ஜனவரி 16-ஆம் தேதி இரவு, முப்பத்திரண்டு வயதுகூட நிறையாத டியூக், ஃப்ராம்லிங்கத்தில் திடீரென்று இறந்துபோனார். அப்போது அதே ஊரில் இருந்த சர் ஜான் பாஸ்டன் மறுநாளே தாய்க்கு எழுதினார்: பிரேதத்தின்மேல் போர்த்துவதற்குப் பொன் இழைத் துணி இந்தச் சீமையில் போதிய அளவு கிடைக்கவில்லை, அப்பாவின் கல்லறைக்காக நாம் வாங்கிவைத்த துணி வெட்டப்படாமல் இருந்தால் சொல்லி அனுப்புங்கள் என்று. இந்த விவரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் இறந்துகிடக்கிறார். யாருடைய கோட்டையை அவர் பறித்தாரோ அந்தக் குடும்பத்திடமிருந்தே அவருக்குக் கோடித்துணி தேட வேண்டியிருக்கிறது.

அவசரம் இங்கேதான் தொடங்குகிறது. அரசனிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் மைனர் வாரிசை விட்டு இறந்தால், அந்தப் பிள்ளைக்குக் காப்பாளராக இருக்கும் உரிமையும் அதை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்ற உரிமையும் அரசனுக்குப் போய்விடும். அந்த உரிமையை அரசன் தானே வைத்துக்கொள்ளலாம், நல்ல விலை வந்தால் விற்கவும் செய்யலாம். ஆக, மூன்று வயதில் தந்தையை இழந்த நாளே ஆனின் கல்யாணம் நான்காம் எட்வர்டு மன்னரின் கைக்குப் போய்விட்டது.

கேள்வி: ஒரு நாட்டு மன்னருக்குத் தம் மகனுக்கு வெளிநாட்டு இளவரசி கிடைக்கமாட்டாளா? உள்நாட்டுப் பிரபுவின் பெண் எதற்கு?
– வாசகர், சிவகாசி

பதில்: மூத்த மகனுக்கு வெளிநாட்டுச் சம்பந்தம்தான் பேசினார். இரண்டாவது மகனுடைய நிலை வேறு. ஷ்ரூஸ்பரியில் 1473 ஆகஸ்ட் 17 அன்று பிறந்த ரிச்சர்டுக்கு யார்க் டியூக் என்ற பட்டம் கிடைத்திருந்தது. ஆனால் பட்டம் சோறு போடாது. மூத்தவன் அரியணையில் அமரும்போது, தம்பியும் தன் தகுதிக்கேற்ற நிலபுலனோடு வாழ வேண்டும். அதை அரசனுடைய கஜானாவிலிருந்து வெட்டிக் கொடுப்பதைவிட, பிறரிடமிருந்து வருவது உத்தமம் அல்லவா? மோப்ரே குடும்பத்துக்குக் கிழக்குச் சீமையில் மட்டுமல்லாமல் சசெக்ஸிலும் லிங்கன்ஷரிலும் நிலங்கள் இருந்தன. அவற்றோடு ஏர்ல் மார்ஷல் என்ற, பரம்பரையாக வரும் உயர் பதவியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதை முழுவதற்கும் அதுதான் அச்சாணி. டியூக் பட்டம் ஆண்வழியில் மட்டுமே செல்லக்கூடியது, எனவே அது தந்தையோடு முடிந்தது. நிலமும் நார்ஃபோக் கவுன்டஸ் என்ற பட்டமும் மகளுக்கு வந்தன. பொதுச் சட்டப்படி, மனைவியின் நிலத்தைக் கணவன் அவள் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம். அவள் இறந்தபின்னும் தன் ஆயுள் முழுவதும் அனுபவிக்க வேண்டுமானால், அவர்களுக்கு உயிரோடு ஒரு பிள்ளை பிறந்திருக்க வேண்டும். பிறந்ததற்குச் சாட்சியம் என்ன? அந்தப் பிள்ளையின் அழுகுரல் நான்கு சுவர்களுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்பது பழைய நியாயவாதிகள் வகுத்த அளவுகோல். பிள்ளை பிறக்காமலே மனைவி இறந்தால் கணவன் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். நிலம் அவள் பிறந்த வீட்டுப் பங்காளிகளுக்குத் திரும்பிவிடும்.

ஆன் பக்கத்துப் பங்காளிகள் இரண்டு பேர். 1398-இல் நாடுகடத்தப்பட்டு, மறு ஆண்டு வெனிஸ் நகரில் இறந்த முதலாவது நார்ஃபோக் டியூக்கின் இரண்டு மகள்கள் வழியில் வந்த வில்லியம் பெர்க்லி ஒருவர், ஜான் ஹோவர்டு மற்றவர். ஐந்து வயதுப் பெண் பிள்ளை பெறும் வயது வரும்வரை பிழைத்திருப்பாளா என்பது, பிள்ளைகள் கொத்துக்கொத்தாக இறந்த அந்தக் காலத்தில், யாரும் பந்தயம் கட்டத் துணியாத விஷயம். மன்னரும் துணியவில்லை. அதனால் திருமணம் நடந்த சில நாட்களில், நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமே இயற்றினார்: வாரிசு இல்லாமல் ஆன் இறந்துவிட்டாலும், மோப்ரே நிலங்கள் ரிச்சர்டின் வாழ்நாள் முழுவதும் அவனுக்கே. நாட்டின் எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்திய வாரிசுரிமைச் சட்டம், ஒரு குடும்பத்துக்காக மட்டும் ஓரமாக நகர்த்திவைக்கப்பட்டது. திருமணத்துக்கு முன்பே, 1476-இல் நாட்டிங்ஹாம் ஏர்ல், 1477 பிப்ரவரியில் நார்ஃபோக் டியூக் என்று மோப்ரே குடும்பத்துப் பட்டங்களை ஒவ்வொன்றாக மகனுக்குச் சூட்டியாகிவிட்டது.

சொத்துக்காகவே சம்பந்தம் பேசுவது அந்த வீட்டுக்குப் புதிதுமல்ல. ஆனின் கொள்ளுப்பாட்டி கேத்தரின் நெவில் 1432-இலேயே கணவரை இழந்து, அவருடைய நிலத்தில் விதவைப் பங்கை அரை நூற்றாண்டாக அனுபவித்துவந்தவர். 1465-இல், அறுபதைத் தாண்டிய அவருக்கு நான்காவது கணவராக வந்தவர், எட்வர்டு மன்னருடைய மனைவியின் தம்பி. வயது இருபதை ஒட்டி. அன்றைய வரலாற்றுக் குறிப்பொன்று அதைப் ‘பேய்க் கல்யாணம்’ என்றே பெயரிட்டுத் திட்டியது. மாப்பிள்ளை நான்காண்டுகளில் தலை வெட்டப்பட்டு இறந்தார். கொள்ளுப்பாட்டியோ கொள்ளுப்பேத்தியையும் அடக்கம் செய்த பிறகும் உயிரோடு இருந்தார்.

கேள்வி: மணமகனும் மணமகளும் உறவினர்கள் என்று எங்கோ படித்தேன். சர்ச் எப்படி அனுமதித்தது?
– வாசகர், காரைக்குடி

பதில்: உறவினர்கள்தான். மேலே சொன்ன கேத்தரின் நெவிலும், எட்வர்டு மன்னரின் தாயார் சிசிலி நெவிலும் உடன்பிறந்த அக்காள் தங்கை. அதாவது கேத்தரினுடைய மகனும் எட்வர்டு மன்னரும் பெரியம்மா, சித்தி பிள்ளைகள். காரைக்குடிக்காரரான தங்களுக்கு மேற்கொண்டு நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காள் தங்கை பிள்ளைகள் அண்ணன் தம்பி முறை. அந்த இருவரின் மகன்களும் அண்ணன் தம்பி முறை. ஆகவே ஆனின் தந்தைக்கு மாப்பிள்ளை ரிச்சர்டு தம்பி ஆகிறான். நம் கணக்கில், நான்கு வயது மணமகன் ஐந்து வயது மணமகளுக்குச் சித்தப்பா!

ரோம் திருச்சபை இப்படி முறை பார்ப்பதில்லை. அத்தை மகனோ சித்தப்பா மகனோ அதற்கு ஒன்றுதான். எத்தனை தலைமுறைக்குள் இரத்தம் கலக்கிறது என்பதே அதன் கேள்வி. நான்கு தலைமுறைக்குள் பொது மூதாதை இருந்தால் போப்பாண்டவரின் விலக்கு ஆணை வேண்டும். பணமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு அது கிடைக்காமல் போனது அபூர்வம். இவர்களுக்கும் கிடைத்தது.

கேள்வி: அந்தத் திருமணம் எப்படி நடந்தது என்று விவரம் உண்டா?
– வாசகி, மதுரை

பதில்: உண்டு, உடனிருந்து பார்த்தவர் எழுதியதுபோல விரிவான குறிப்பே இருக்கிறது. 1478 ஜனவரி 15, வியாழக்கிழமை. தந்தை இறந்து இரண்டு ஆண்டு நிறைய ஒரு நாள் பாக்கி. வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில், அரசியின் அறையிலிருந்து சிறுமியை ஒருபுறம் லிங்கன் ஏர்லும் மறுபுறம் அரசியின் தம்பி ரிவர்ஸ் ஏர்லும் நடத்தி, அரண்மனைக்குள்ளேயே இருந்த செயின்ட் ஸ்டீஃபன் ஆலயத்துக்கு அழைத்துவந்தார்கள். உள்ளே பொன் லில்லி மலர்கள் இழைத்த நீலக் கம்பளங்கள். பொன் துணி விதானத்தின்கீழ் மன்னர், அரசி எலிசபெத் வுட்வில், பட்டத்து இளவரசன், மன்னரின் தாயார், இளவரசிகள்.

வாசலில் சிறு நாடகம் ஒன்று நடந்தது. மறைநூல் அறிஞர் ஒருவர் எழுந்து, மணமக்கள் நெருங்கிய இரத்த உறவினர், ரோமின் அனுமதி இல்லாமல் இந்தத் திருமணம் நடக்கக் கூடாது என்று ஆட்சேபம் தெரிவித்தார். உடனே அரச ஆலயத்தின் தலைமைக் குரு கன்தார்ப் போப்பாண்டவரின் ஆணையை எடுத்து வாசித்தார். பின்னால் யாரும் வில்லங்கம் கிளப்பாதபடி, ஆட்சேபத்தையும் அதற்குரிய பதிலையும் முன்கூட்டியே ஊர் அறியச் செய்துவிட்டார்கள். அதன்பிறகு நார்விச் பிஷப் மணச் சடங்குகளை நடத்திவைக்க, தந்தையில்லாத பெண்ணை மன்னரே தாரைவார்த்துக் கொடுத்தார். தன் மகனுக்குத் தானே பெண் கொடுத்த சம்பந்தி அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சடங்கு முடிந்ததும் பொற்கிண்ணங்களிலிருந்து பொன்னும் வெள்ளியுமாகக் காசுகளை அள்ளிக் கூட்டத்தின்மேல் வீசியவர், மணமகனின் சித்தப்பா, குளோஸ்டர் டியூக் ரிச்சர்டு. ஐந்து ஆண்டுகள் கழித்து இந்த மாப்பிள்ளையையும் அவன் அண்ணனையும் கோபுரச் சிறையில் வைத்துவிட்டு மூன்றாம் ரிச்சர்டு என்ற பெயரில் முடிசூடியவரும் இவர்தான். விருந்துக்கு மணமகளைக் கைபிடித்து அழைத்துச் சென்றவர்களும் அவரும் பக்கிங்ஹாம் டியூக்கும்.

ஒரு வாரம் கழித்து, ஜனவரி 22 அன்று, குதிரைவீரர்களின் போட்டி நடந்தது. ரிவர்ஸ் ஏர்ல் வெண்ணிறத் துறவியாக வேடம் பூண்டு, கறுப்பு வெல்வெட் போர்த்த ஆசிரமக் குடிலோடு களத்துக்கு வந்தார். ‘விருந்தின் இளவரசி’ என்று அழைக்கப்பட்ட ஆன்தான் பரிசு வழங்கியவள். பரிசுகள் மூன்று பொன் எழுத்துகள்: வைரம் பதித்த ‘ஏ’, மாணிக்கம் பதித்த ‘இ’, மரகதம் பதித்த ‘எம்’. ‘ஏ’ ஆனுக்கும் ‘எம்’ மோப்ரேவுக்கும் உரிய முதலெழுத்துகள். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் பெயரின் எழுத்துகளைப் பொன்னில் பார்த்தது நிச்சயம் பிடித்திருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

பிரபுக்கள் எல்லோரும் அந்த வாரம் லண்டனில் கூடியிருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருமணத்துக்கு மறுநாள் கூடிய நாடாளுமன்றம், மன்னரின் இன்னொரு தம்பி கிளாரன்ஸ் டியூக்மீது இராஜத்துரோகக் குற்றம் சுமத்தவே கூட்டப்பட்டது. பிப்ரவரி 18 அன்று அவர் கோபுரச் சிறையில் கொல்லப்பட்டார். மணமகனின் சித்தப்பாக்களில் ஒருவர் காசு வீசிக்கொண்டிருந்தபோது, மற்றவர் ஆற்றோரச் சிறையில் தீர்ப்புக்குக் காத்திருந்தார்.

கேள்வி: ஐந்து வயதுக் குழந்தை சொல்லும் சம்மதம் செல்லுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: செல்லாது. திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதினான்கு நிறைந்தபின் தரும் சம்மதமே கட்டுப்படுத்தும். ஏழு வயதுக்கு முன் நடந்ததற்கு நிச்சயதார்த்தம் என்ற மதிப்பைக்கூட முழுமையாகத் தருவதில்லை. பருவம் வந்ததும் இருவரில் யார் வேண்டுமானாலும் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று விலகிக்கொள்ளலாம். விலகாதபடி பார்த்துக்கொள்வதற்குத்தான் பொன் விதானமும் போப்பாண்டவரின் ஆணையும்.

கேள்வி: பெற்ற தாய் இதற்குச் சம்மதித்தாரா?
– வாசகி, திருச்சி

பதில்: சம்மதித்ததோடு நில்லாமல், விதவை என்ற முறையில் தமக்கு உரிய நிலங்களில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துச் சிறிய பங்கோடு ஒதுங்கிக்கொண்டார். தாமாக மனமுவந்து செய்தாரா என்றால், அரசன் எதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் பேசும் விதவைக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்று தாங்களே யோசித்துக்கொள்ளலாம். மகள் அரசியின் அரவணைப்பில் டச்சஸாக வளர்வாள் என்ற ஆசையும் அவருக்கு இருந்திருக்கக் கூடாது என்றில்லை. பிற்காலத்தில் அவர் லண்டன் மதிலுக்கு வெளியே, ஆல்ட்கேட் அருகில் இருந்த புனித கிளாரா கன்னிமடத்து வளாகத்தில் குடியிருந்தார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மீண்டும் வரும்.

கேள்வி: ஆன் பத்து வயதில் இறந்ததாக எழுதியிருந்தீர்கள். 1472-இல் பிறந்து 1481-இல் இறந்தவளுக்கு எப்படிப் பத்து வயது ஆகும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆகாது. தவறு என்னுடையது, திருத்தியதற்கு நன்றி. 1481 நவம்பர் 19 அன்று தேம்ஸ் கரையில் உள்ள கிரீனிச் அரண்மனையில் அவள் இறந்தபோது, ஒன்பதாவது பிறந்தநாளுக்குச் சரியாக மூன்று வாரம் இருந்தது. கணவனுக்கு வயது எட்டு. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், அரசி கட்டியிருந்த செயின்ட் எராஸ்மஸ் சிற்றாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: அவள் இறந்தபின் அந்தச் சொத்து என்ன ஆயிற்று? பங்காளிகள் வழக்குப் போடவில்லையா?
– வழக்குரைஞர், தேனி

பதில்: தாங்கள் கேட்பீர்கள் என்று தெரியும்! மன்னர் பங்காளிகள் இருவரையும் இருவிதமாகக் கையாண்டார். வில்லியம் பெர்க்லிக்கு ஒரு பலவீனம் இருந்தது. டால்பட் குடும்பத்தோடு அவருக்குப் பழைய நிலத்தகராறு. 1470 மார்ச் மாதம் நிப்லி கிரீன் என்ற இடத்தில் இருவர் ஆட்களும் படைதிரட்டி மோதியதில் டால்பட் வீட்டு இளைஞர், லைல் விஸ்கவுன்ட் கொல்லப்பட்டார். அந்த விவகாரங்களின் பேரில் முப்பதாயிரம் பவுண்டுக்கும் மேல் கடன் பத்திரங்களில் பெர்க்லி சிக்கியிருந்தார். மன்னர் அந்தச் சுமையைத் தீர்த்துவைத்து, 1481-இல் விஸ்கவுன்ட் பட்டமும் கொடுத்து, மோப்ரே நிலத்தில் அவருக்கு இருந்த உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்.

ஜான் ஹோவர்டு அப்படியல்ல. எட்வர்டுக்காகப் போர்க்களத்திலும் கடலிலும் தூதிலும் இருபது ஆண்டு உழைத்தவர், கடனுமில்லை, சிக்கலுமில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டது ஒன்றுமில்லை. 1483 ஜனவரியில் கூடிய நாடாளுமன்றம் முந்தைய சட்டத்தை இன்னும் இறுக்கி, மோப்ரே நிலம் சிறுவன் ரிச்சர்டுக்கும் அவன் சந்ததிக்கும் என்று உறுதிசெய்தது. விசுவாசமாக இருந்தவரை ஏமாற்றுவது எப்போதும் சுலபம். ஆனால் மலிவானதல்ல என்பது மூன்றே மாதத்தில் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 9 அன்று எட்வர்டு இறந்தார். ஜூன் 16 அன்று, தாயோடு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சிறுவன் ரிச்சர்டையும் கோபுரத்துக்குக் கொண்டுபோய் அண்ணனோடு சேர்த்தார்கள். சித்தப்பா மூன்றாம் ரிச்சர்டு மன்னரானார். ஜூன் 28 அன்றே நார்ஃபோக் டியூக் பட்டம் ஜான் ஹோவர்டுக்கும், நாட்டிங்ஹாம் ஏர்ல் பட்டம் வில்லியம் பெர்க்லிக்கும் போய்ச்சேர்ந்தன. இரண்டும் கோபுரத்தில் இருந்த சிறுவன் அதுவரை வைத்திருந்தவை. ஜூலை 6 அன்று நடந்த முடிசூட்டு விழாவில் கிரீடத்தை ஏந்திச்சென்றவர் புதிய டியூக் ஹோவர்டு. இந்தத் தேதிகளை அடுக்கிவைத்து, சிறுவர்கள் மறைந்ததில் ஹோவர்டுக்கும் பங்குண்டு என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இலாபம் அடைந்தவர் என்பதற்கு மேல் அவருக்கு எதிராக ஆதாரம் எதுவும் கிடையாது. தங்கள் தொழிலில் அதை வைத்துக்கொண்டு தண்டனை வாங்க முடியாது என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

அந்த ஆட்சிமாற்றத்துக்குச் சொல்லப்பட்ட சட்டக் காரணத்தைக் கேட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். எட்வர்டு மன்னர் எலிசபெத் வுட்விலை மணப்பதற்கு முன்பே வேறொரு பெண்ணுக்கு மண வாக்குக் கொடுத்திருந்தார், எனவே வுட்விலோடு நடந்த திருமணம் செல்லாது, பிள்ளைகள் முறை தவறியவர்கள் என்பது வாதம். 1484 ஜனவரியில் நாடாளுமன்றமும் அதை ஏற்றுப் பதிவுசெய்தது. அந்த வேறொரு பெண் யார்? 1468-இலேயே இறந்துபோன எலினார் டால்பட்; ஆனின் தாயார் எலிசபெத்துக்கு உடன்பிறந்த அக்காள். வாக்குக் கொடுத்தது உண்மையா, பின்னால் கட்டிய கதையா என்று இன்றுவரை தகராறு. உண்மையென்றால், மன்னர் தம் மகனுக்குப் பெண் கேட்டுப் போன வீட்டின் பெரிய பெண்ணிடமே அந்த மகனின் பட்டம், பாத்தியதை எல்லாவற்றையும் கவிழ்க்கும் இரகசியம் இருந்திருக்கிறது. தங்கைக்கு அது தெரியுமா, தெரிந்துதான் மகளைக் கொடுத்தாரா என்ற கேள்வியை எழுப்பி, ஒரு முழு நாவலே எழுதலாம்.

ஹோவர்டு 1485 ஆகஸ்ட் 22 அன்று பாஸ்வொர்த் போர்க்களத்தில் தம் மன்னரோடு சேர்ந்து மாண்டார். பட்டம் பறிபோய், 1514-இல் அவர் மகனுக்குத் திரும்பக் கிடைத்தது. இடையிடையே மேலும் சிலமுறை பறிபோனாலும், நார்ஃபோக் டியூக்குகள் இன்றும் ஹோவர்டு வழியினரே. 2023-இல் மூன்றாம் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவை ஏர்ல் மார்ஷல் என்ற பதவியில் நின்று ஏற்பாடு செய்தவர், அந்த ஐந்து வயதுச் சிறுமியைச் சுற்றி நடந்த இழுபறியில் இறுதியாக வென்ற குடும்பத்தின் வாரிசு.

கேள்வி: வெஸ்ட்மின்ஸ்டரில் அடக்கம் செய்யப்பட்டவளின் சவப்பெட்டி வேறெங்கோ கண்டெடுக்கப்பட்டதாக இணையத்தில் இருக்கிறதே, எது சரி?
– வாசகர், கொழும்பு

பதில்: இரண்டும் சரி. ஏழாம் ஹென்றி மன்னர் தமக்கென்று பெரிய சிற்றாலயம் எழுப்பியபோது, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எராஸ்மஸ் சிற்றாலயத்தை இடித்தார்கள். ஆனின் ஈயப் பெட்டியைப் பெயர்த்து, அப்போது உயிரோடிருந்த தாயார் குடியிருந்த ஆல்ட்கேட் கன்னிமடத்துக்குக் கொண்டுசென்று புதைத்தார்கள். எட்வர்டுகளும் ஹென்றிகளும் பட்டமும் நிலமும் கேட்டு மாறிமாறி வந்துபோன பிறகு, மகள் அம்மாவின் பக்கத்துக்கு வந்துசேர்ந்தாள். சில ஆண்டுகளில் தாயாரையும் அந்த மடத்திலேயே அடக்கம் செய்தார்கள். பின்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். கட்டடங்கள் போயின, தெருக்கள் வந்தன, இடம் மறந்துபோயிற்று.

1964 டிசம்பர் 11 அன்று, அந்தப் பகுதியில் கட்டடவேலைக்காக மண் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் நிலத்தடியில் ஒரு நிலவறையை உடைத்தது. உள்ளே குழந்தையின் அளவில் ஓர் ஈயப் பெட்டி. அதன்மேல் இருந்த இலத்தீன் எழுத்துகள் ஆன், யார்க் டச்சஸ், நார்ஃபோக் டியூக் ஜானின் மகளும் வாரிசும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லின. லண்டன் அருங்காட்சியகத்தினர் பெட்டியைப் பெற்று, மருத்துவர்களையும் பல் மருத்துவர்களையும் கொண்டு ஆராய்ந்தார்கள். மோப்ரே பட்டத்தை அன்று தாங்கியிருந்த பிரபு, இறந்தவளை இப்படி ஆராய்ச்சிப் பொருளாக வைத்திருப்பது முறையல்ல என்று எதிர்ப்புத் தெரிவித்தார். 1965 மே 31 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவளை மீண்டும் அடக்கம் செய்தார்கள். அவள் முதலில் படுத்திருந்த இடத்தின்மேல்தான் ஏழாம் ஹென்றியின் சிற்றாலயம் எழுந்திருக்கிறது என்பதால், அதன் எல்லைக்குள்ளேயே இடம் தேர்ந்தார்கள்.

கேள்வி: அவளுடைய எலும்புகளைக் கொண்டு, பேழையில் இருப்பது அவள் கணவன்தானா என்று கண்டுபிடிக்க முடியாதா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: முயன்றிருக்கிறார்கள். பேழையில் உள்ள எலும்புகள் 1674-இல் கோபுரக் கோட்டையின் படிக்கட்டுக்கு அடியில் வேலையாட்கள் தோண்டும்போது கிடைத்தவை. 1933-இல் பேழையைத் திறந்து ஆராய்ந்து, படமும் எடுத்து மூடினார்கள். ஆனின் தாடையில், பிறவியிலேயே முளைக்காத நிரந்தரப் பற்கள் உண்டு என்று 1965-இல் தெரிந்ததும், பேழையில் உள்ள மண்டையோடுகளிலும் அதுபோன்ற குறை இருப்பதைப் பழைய படங்களில் சுட்டிக்காட்டினார்கள். நெவில் வழியில் வந்த குடும்பக்கூறாக இருக்கலாம் என்பது ஊகம். இப்படிப் பற்கள் முளைக்காமல் இருப்பது தொடர்பில்லாதவர்களிடமும் காணப்படும் என்பதால், அதை மட்டும் வைத்து உறவை நிலைநாட்ட இயலாது என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். டி.என்.ஏ. சோதனைக்காகப் பேழையை மீண்டும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு ஆலய நிர்வாகம் இதுவரை இணங்கவில்லை.

அந்தப் பரிசோதனையில் கிடைத்த இன்னொன்றையும் தங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் ஈயப் பெட்டிக்குள் கிடந்தும், துணியின் சில பகுதிகளும் தலைமுடியும் அழியாமல் இருந்தன. முடி செம்பழுப்பு நிறம்.